சூடு தெரியாத கால்

கூலாய் வட்டாரச் சுகாதாரக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் பட்டம் வாங்கியவர்கள், மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு புத்தகப் பையை ஆணியில் மாட்டியவள். ஆனாலும் புது ஆட்கள் வரும்போதெல்லாம் "ராஜம்மாவைப் பேசச் சொல்லுங்கள், ராஜம்மாவை எழுதச் சொல்லுங்கள்" என்று என்னிடம்தான் வருகிறார்கள். காரணம் இருக்கும் அல்லவா? அதை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொன்னால் குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

சின்ன வயதில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தேன். ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை நட்டபோது உரம் போட்டேன். செனாய்ப் பக்கம் தொழிற்சாலைகள் வந்ததும், ஒரு தொழிற்சாலை வாசலில் மடக்கு மேசை போட்டு நாசி லெமாக் சோறு விற்றேன். வெயில், மழை, மேசையைத் தூக்கிக்கொண்டு போக வந்த அதிகாரிகள், எல்லாவற்றையும் சமாளித்தேன். கடைசியில் அதே தொழிற்சாலையின் கேண்டீனையே எடுத்து நடத்தினேன். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. கையெழுத்துப் போடத் தடுமாறிய என்னிடம் மேனேஜர்கள் வரிசையில் நின்று கறிபாப் வாங்கினார்கள். சந்தேகம் இருந்தால் செனாயில் போய் "கேண்டீன் ராஜம்மா" என்று கேட்டுப் பாருங்கள்.

அறுபதைத் தாண்டியதும் கேண்டீன்களை மருமகளிடம் ஒப்படைத்தேன். சும்மா உட்காரத் தெரியாத உடம்பு இது. அந்த நேரத்தில் வாட்சாப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் மக்களிடம் சுகாதாரம் பற்றிப் பேச ஆட்கள் வேண்டும், சுகாதார மேம்பாடு பற்றிக் குறுகிய காலப் பயிற்சி இணையத்திலேயே நடக்கும், படிப்புத் தகுதி தேவையில்லை. அந்தக் கடைசி வரியை எனக்காகவே போட்டது போல் இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

பாடம் பாதி மலாய், பாதி தமிழ். கேட்டால் எல்லாம் புரியும், எழுதுவதுதான் தகராறு. பதில்களைக் குரலில் பதிந்து அனுப்பினேன். முதல் வகுப்பில் மைக்கை மூடத் தெரியாமல், வாசலுக்கு வந்த மீன்காரரிடம் நான் பேரம் பேசியதை ஜோகூர் முதல் பெர்லிஸ் வரை எல்லாரும் கேட்டார்கள். டீச்சர் என் மகளைவிடச் சின்னவள். "அம்மா, மீன் நல்ல விலைக்குத்தான் வாங்கியிருக்கீங்க, இப்ப மைக்கை மூடிடுங்க" என்றாள். வகுப்பிலேயே வயது கூடியவள் நான்தான். வாய் கூடியவளும் நான்தான்.

என் பெருமையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்குச் சொல்ல வந்தது நான் பயந்த கதையை. நான் லேசில் பயப்படுகிறவள் இல்லை. வெட்டுக்கத்தியோடு கேண்டீனுக்குள் வந்தவனைக் கரண்டியோடு எதிர்த்து நின்றிருக்கிறேன். ஆனால் என் தம்பியின் கால் விரலைத் தொட்ட அன்றைக்கு வந்த பயம் வேறு ஜாதி. அது தணியவே எனக்கு நீண்ட நாள் பிடித்தது.

அது பாடத்தில் கொடுத்த வீட்டுவேலை. இனிப்புநீர் என்ற சர்க்கரை நோய் உள்ள ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியால் அவருடைய கால் விரல்களை மெல்லத் தொட வேண்டும். தொடுவது தெரிகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. "உங்க விரல் டாக்டர் இல்லை" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தெரியலைன்னு சொன்னா, கிளினிக்குக்கு அனுப்பறது வரைக்கும்தான் நம்ம வேலை."

என் கூடப் பிறந்த தம்பி ஆறுமுகம் செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். இனிப்புநீர் வந்து பல வருடம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு யாரோ கொடுத்த வேர்ப்பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் வாழைத்தாரோடு என் வீட்டுக்கு வந்தான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டி விரதத்தில் இருந்தான்.

நான் பாடத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்தான்.

"உன் கேண்டீன் தே தாரேக் குடிச்சிக் குடிச்சித்தான் இந்த ஊருக்கே சீனி வந்துச்சு. இப்ப நீயே சீனிக்குப் பாடம் எடுக்கப் போறியா? ரெண்டு பக்கமும் வியாபாரம். நல்லா இருக்குலா அக்கா!"

"வாயை மூடிக்கிட்டுக் காலை நீட்டுடா."

நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் ஸ்டூலின் மேல் வைத்துக் கண்ணை மூடினான். நான் தரையில் உட்கார்ந்து வலது கால் பெருவிரலைத் தொட்டேன். காத்திருந்தேன். நடுவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டேன். இடது காலுக்கு மாறினேன். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல். அவன் கண்ணை மூடியபடி, உதட்டில் அந்தச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, எப்ப ஆரம்பிக்கப் போற? எனக்கு லோரி எடுக்கணும்."

அவன் அதைச் சொன்னபோது என் விரல் அவன் விரல் மேல் இருந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. உயிரோடு, சூடாக, என் அம்மா பெற்ற பிள்ளையின் கால் என் கையில் இருக்கிறது. அந்தக் கால் அவனிடம் இல்லை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே கறுப்பாக ஒரு தழும்பு.

"இது என்னடா?"

"லோரி பெடல் தேய்ச்சிருக்கும். ஏன், என்னாச்சு?"

"நான் ஆறு தடவ தொட்டுட்டேன்டா."

கண்ணைத் திறந்தான். அவனும் பயப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் மலர்ந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"அதான் அக்கா! போன வருஷம் பூக்குழியில எல்லாவனும் குதிச்சி ஓடுறான். நான் மட்டும் நின்னு நிதானமா நடந்தேன். எல்லாரும் பார்த்தாங்க. சுடவே இல்லை. ஆத்தா எனக்குப் பூவா விரிச்சி வச்சிருக்கா."

உங்களுக்குப் புரிகிறதா? நோய் அவனுடைய நரம்பைத் தின்றிருக்கிறது. அவன் அதைச் சாமி கொடுத்த வரம் என்று எண்ணிக்கொண்டு நெருப்பில் நின்று நிதானமாக நடக்கிறான். அடுத்த தீமிதிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பாடத்தில் படித்ததை எல்லாம் மறந்துவிட்டுக் கத்தினேன். கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத ஒரு மனிதரின் படம். "இப்படித்தான் உக்காரப் போற! லோரியும் இல்ல, காலும் இல்ல!"

அவன் எழுந்துவிட்டான். சிரிப்புப் போய்விட்டது.

"மக வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இருக்கா. ரெண்டு தங்கல. ஒண்ணாவது தங்கணும்னுதான் ஆத்தாகிட்ட மூணு வருஷம் நெருப்புல எறங்குறேன்னு வேண்டிக்கிட்டேன். இது மூணாவது வருஷம். நான் எறங்காம விட்டு அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ பொறுப்பு எடுத்துக்குவியா? சொல்லு. எடுத்துக்குவியா?"

நான் எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்றைக்குக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் எனக்கும் அந்தப் பயம் உண்டு. நானும் அந்தக் கோயில் திருநீற்றைப் பூசி வளர்ந்தவள். அவன் மகளை என் கையில் தூக்கி வளர்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அவன் கால், ஒரு பக்கம் அவள் வயிறு.

போய்விட்டான். அன்றிலிருந்து நான் அழைத்தால் எடுப்பதில்லை. அவன் மனைவியும் எடுக்கவில்லை.

இதை நன்றாகக் கவனியுங்கள். நீங்களும் வெட்டிய கால், அழுகிய விரல், கறுத்த நுரையீரல் என்று படங்கள் வைத்திருப்பீர்கள். நம் பயம் நமக்குத் தாங்காதபோதுதான் அவற்றைத் தூக்கி அடுத்தவர் மேல் போடத் தோன்றும். நமக்குப் பாரம் குறையும். அவர் கதவைச் சாத்திக்கொள்வார். சாத்திய கதவுக்கு வெளியே நின்று எவ்வளவு நல்ல விஷயம் பேசினாலும் யாருக்கு லாபம்?

அடுத்த வகுப்பில் வீட்டுவேலையைப் பற்றி ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒருவர் தன் மாமனாரின் கால் நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமா கூச்சம் தாங்காமல் உதைத்துவிட்டார் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. ஆள் யார் என்று சொல்லவில்லை. காலில் உணர்ச்சி இல்லாத சொந்தக்காரர், மகளுக்காக வேண்டிக்கொண்டு நெருப்பில் இறங்கப் போகிறார், நான் வெட்டிய காலின் படத்தைக் காட்டிக் கத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

டீச்சர் கேட்டாள்: "நீங்க காட்டின படத்தைப் பார்த்து அவர் பயந்தாரா, அம்மா?"

"பயந்தாரு. அதான் என் போனையே எடுக்க மாட்டேங்கிறாரு."

"அப்ப பயம் போதலைன்னு இல்லை. அவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. அந்தப் பயத்தைப் பத்தி யார் பேசினா அவர் காது குடுப்பாரு?"

எனக்குக் கோபம் வந்தது. "அது சாமி விஷயம். நான் என்ன சாமிகிட்டயா போய்ப் பேச முடியும்?"

"சாமிகிட்ட முடியாது. சாமிக்குப் பூசை பண்றவர்கிட்ட பேசலாம்தானே?" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா ஆள் பேரைச் சொல்லாதீங்க. நாலு பேர் முன்னாடியும் வேணாம். அவர் வியாதி அவரோடது. அதை எடுத்து ஊருக்குப் பங்கு போட்டுடாதீங்க" என்றாள்.

அந்தச் சின்னப் பெண்ணை அதுவரை நான் அரிசி களையும்போது பாதிக் காதோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அரிசியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

மறுநாளே செடெனாக் போனேன். தோட்டத்துக் கோயில் பூசாரி பகலில் செம்பனை ஆலையில் வேலை செய்கிறவர், மாலையில் பூசாரி. வேலை முடிந்து, ஆலைப் புகை வாசனையோடு கோயில் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைத் தொடங்கியதும் நிமிர்ந்து பார்த்தார்.

"கேண்டீன்காரம்மா எனக்கு நெருப்பைப் பத்திச் சொல்லித் தர வந்திருக்கு. பேஷ்."

"நெருப்பைப் பத்தி உங்களுக்குத் தெரியும் பூசாரி. காலைப் பத்திச் சொல்ல வந்தேன். இந்த வருஷம் எறங்குறவங்கள்ல ஒருத்தருக்குக் கால்ல உணர்ச்சி இல்ல."

"யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லாம நான் என்ன பண்றது? ஒருத்தன் குழிக்குள்ள விழுந்தா அவன் மட்டுமா போவான்? இந்தக் கோயில்ல தீமிதியே நின்னுடும்." அவர் முகத்திலும் பயம் ஏறுவதைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பயப்படுகிறவரிடம்தான் வேலை நடக்கும். ஆனால் அந்தப் பயம் அவருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். தீமிதிக்கு முந்தின நாள் சாயங்காலம், காப்புக் கட்டியவர்களைப் பலகையில் உட்கார வைத்து, அக்கா தங்கைமார் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரால் கால் கழுவுவார்கள். கோயில் முன்னால், எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து, மேளத்தோடு நடக்கும். இந்த வருடம் அதைக் கோயிலுக்குப் பக்கவாட்டில், துணி மறைத்து, ஒவ்வொருவராக உள்ளே அழைத்துச் செய்யலாமா என்று கேட்டேன். கண்ணை மூடி உட்காரட்டும். பூசாரி விரலைத் தொடும்போதெல்லாம் "அம்மா" என்று கூப்பிடட்டும்.

அவர் குழாயை மூடிவிட்டுத் துண்டால் காலைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆத்தா பேரைச் சொல்றதுக்கு யாரும் மாட்டேன்னு சொல்ல முடியாது."

அந்தச் சாயங்காலம் துணி மறைவுக்குள் நானும் பூசாரியும் மட்டும். காலுக்குத் தண்ணீர் ஊற்ற அந்தந்த வீட்டுப் பெண் உள்ளே வருவாள், போவாள். முதலில் வந்தவர் ஒழுங்காக ஒவ்வொரு தொடுதலுக்கும் கூப்பிட்டார். இரண்டாவது ஆள் பெரிய மீசைக்காரர். "அம்மா! அம்மா! அலமாக், பூசாரி, கூசுதுலா!" என்று பலகையோடு சாய்ந்தே விட்டார். வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது யார் என்று துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறுமுகம் வந்தான். என்னைக் கண்டதும் நின்றான். என் கையிலிருந்த செம்பைப் பார்த்தான், பூசாரியைப் பார்த்தான்.

"இது உன் வேலையா?"

"கால் கழுவுறது அக்கா வேலைதானடா. உக்காரு."

உட்கார்ந்தான். கண்ணை மூடினான். நான் தண்ணீர் ஊற்றினேன். பூசாரி குனிந்து வலது பெருவிரலில் கை வைத்தார்.

"அம்மா" என்றான் ஆறுமுகம்.

எனக்கு ஒரு கணம் உயிர் வந்தது. நான் தொட்டது தப்போ, இவனுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதோ என்று நெஞ்சு துள்ளியது. பூசாரி அடுத்த விரலைத் தொட்டார். "அம்மா." அடுத்தது. "அம்மா." பூசாரி என்னைத் திரும்பிப் பார்த்தார், ஏன் இந்தக் கலாட்டா என்பதுபோல.

பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா" என்றான் ஆறுமுகம்.

பூசாரி அசையவில்லை.

"அம்மா." கொஞ்சம் இடைவெளி. "அம்மா."

யாரும் தொடாத காலை நீட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பிள்ளைகளே. என் வீட்டில் சிரித்தவனுக்கு அதற்குப் பிறகு தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கணக்குப் போட்டு இடைவெளி விட்டுக் கூப்பிடுகிறான். வெளியே மேளக்காரர் தோலைச் சூடு காட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம். உள்ளே இந்தக் குரல்.

"கண்ணைத் தொற" என்றார் பூசாரி.

திறந்தான். பூசாரியின் இரண்டு கையும் மடியில் இருப்பதைப் பார்த்தான். தலை குனிந்தது.

நான் பேச வாயெடுத்தேன். பூசாரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நிறுத்தியது நல்லது.

"சுடும்னு தெரிஞ்சி எறங்குறதுதான்டா வேண்டுதல்" என்றார், வெளியே கேட்காத குரலில். "உனக்குச் சூடே தெரியலன்னா ஆத்தாளுக்கு எதைக் குடுக்கப் போற? ஒண்ணும் இல்லாத கையை நீட்டப் போறியா?"

"என் மகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, பூசாரி?"

"உன் இடுப்புத் துணியக் குடு. என் தலையில கட்டிக்கிட்டு எறங்குறேன். உன் வேண்டுதல் என்கிட்ட. எனக்குச் சுடும்டா. நல்லாவே சுடும். வருஷா வருஷம் சுட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

ஆறுமுகம் இடுப்பில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தான். முடிச்சு சுலபத்தில் வரவில்லை. கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இப்ப சந்தோசமா?"

"இல்லடா. பயமா இருக்கு."

அவன் என்னைக் கிண்டல் செய்யாமல் விட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவன் மானம் போகாதபடி பூசாரி அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார். குழியின் மறுமுனையில், பால் ஊற்றிய சின்னக் குழிக்குப் பக்கத்தில் நின்று, நெருப்பைக் கடந்து தடுமாறி வருகிறவர்களைத் தாங்கிப் பிடிக்கும் வேலை. பலமான ஆளுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். ஊர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவனைப் பார்க்கும்படி அந்தப் பக்கமே கூட்டத்தில் நின்றுகொண்டேன்.

என் பயம் எல்லாம் ஒன்றின் மேல்தான் இருந்தது: மேளம் ஏறும்போது அவனுக்கு அருள் வந்து, பிடிப்பவர்களை உதறிவிட்டுக் குழிக்குள் பாய்ந்துவிடுவானோ என்று. உடுக்கை அடிக்க அடிக்க அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். மனசுக்குள் அவன் மகளின் வயிற்றுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, அவனை நிக்க வை. அவளையும் நிக்க வை." பூசாரி கரகத்தோடு இறங்கினார், ஆறுமுகத்தின் துணி அவர் தலையில். கடந்து வந்தார். ஆறுமுகம் அவரைப் பிடித்துப் பாலில் நிறுத்தினான். கண்ணீர் வழிந்தது. ஆனால் நின்றான். குழிக்குள் போகவில்லை.

எனக்கு மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். என் குணம் அது.

ஒருவர் பின் ஒருவராக ஓடி வந்தார்கள். ஓடுகிறவர்களின் காலில் பட்டுத் தணல் துண்டுகள் குழிக்கு வெளியே சிதறின. தொண்டர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். மீசைக்காரர் ஓடி வந்து ஆறுமுகத்தின் மேல் சாய்ந்தார். ஆறுமுகம் அவரைக் கட்டிப் பிடித்து, காலை அகட்டி ஊன்றி நின்று, "அவ்வளவுதான், அவ்வளவுதான், வந்துட்டீங்க" என்று சிரித்தான்.

அவன் இடது காலுக்குக் கீழேயிருந்து மெல்லியதாகப் புகை வந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் பட்ட தணலின் ஆவி என்று நினைத்தேன். பிறகு வாடை வந்தது. நான் வாழ்நாள் முழுக்கச் சமையலறையில் நின்றவள். அது என்ன வாடை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தணல் துண்டின் மேல் முழுப் பாரத்தையும் ஊன்றிக்கொண்டு, கைக்குள் ஒரு பெரிய மனிதரைத் தாங்கிக்கொண்டு, என் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

குழியைத்தான் நினைத்தேன். குழியைச் சுற்றி இருக்கும் தரையை நான் நினைக்கவே இல்லை. டீச்சரும் நினைக்கவில்லை, பூசாரியும் நினைக்கவில்லை. நாங்கள் மூவரும் சேர்ந்து அவனை ஓர் ஆபத்திலிருந்து தூக்கி இன்னொன்றின் மேல் நிறுத்தியிருந்தோம்.

என் உடம்புக்கு நான் ஓடியிருக்கக் கூடாது. கூட்டத்தை முட்டிக்கொண்டு ஓடினேன். "காலைத் தூக்குடா! ஆறுமுகம், காலைத் தூக்கு!" மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். மூவரும் சேற்றில் விழுந்தோம். "என்னா அக்கா, பைத்தியமா!" என்று கத்திக்கொண்டே எழப் போனவன், நான் பார்க்கும் இடத்தைப் பார்த்தான்.

பாதத்தின் நடுவில், விரல்களுக்குக் கீழே, தணல் ஒட்டியிருந்தது. மீசைக்காரர்தான் கை நிறையப் பால் அள்ளி ஊற்றினார். சீறியது. ஆறுமுகம் தன் காலை யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்தான். உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அக்கா, ஏன்கா ஒண்ணுமே தெரியல?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை நாள் அலைந்தேன் என்று அப்போது புரிந்தது. நான் படம் காட்டிக் கேட்க வைக்கப் பார்த்த கேள்வி. அவன் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு வெற்றியாக இல்லை. பிள்ளை இருட்டில் கூப்பிடுவதுபோல் இருந்தது.

கூலாயில் அரசாங்க மருத்துவமனைக்கு என் வேனிலேயே கொண்டு போனேன். காலைச் சுத்தத் துணியில் சுற்றி, மடித்த போர்வையின் மேல் வைத்திருந்தோம். வழியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே வந்தான். "போன வருஷமும் இப்படித்தான் இருந்துச்சா? அந்தக் கறுப்புத் தழும்பு பெடல் இல்லையா அப்ப? ஷூவுக்குள்ள கல்லு இருந்தாக்கூட எனக்குத் தெரியாதா? பிரேக்கு மிதிக்கிற காலுக்கும் இதேதானா?" ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பாடத்திலிருந்து ஒரு பதில் இருந்தது. கேண்டீன் ராஜம்மா ஒன்றையும் சொல்லவில்லை. "தெரியலடா. உள்ள போய்க் கேப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். புண் ஆற மாதக்கணக்கானது. ஒரு விரலை எடுத்தார்கள். கால் இருக்கிறது. லோரியை விட்டுவிட்டான். அவன் மகளுக்குக் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். அந்த நல்ல செய்தி வரும் வரைக்கும் நான் ஒரு வேளைச் சோறும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் அவன் என்னை என்ன கேட்டிருப்பான், நான் என்னையே என்ன கேட்டுக்கொண்டிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கத் தைரியம் இல்லை. அந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வாங்கினேன். வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் எனக்குத்தான் என்று டீச்சர் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கும்.

இந்த வேலையில் பயம் போய்விடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரின் கால் விரலைத் தொட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், தொட்டுவிட்டு அவர் வாயைத் திறக்கும் வரை காத்திருக்கும் அந்த நேரத்தில் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், அவ்வளவுதான். உங்களுக்குள் வைத்துக்கொண்டு, அவர் கேட்கும் வரை பக்கத்தில் இருங்கள். ஒரு இடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று தோன்றும்போது, அவர் அடுத்து எங்கே காலை வைக்கப் போகிறார் என்று தரையைப் பாருங்கள்.

அன்றைக்கு மருத்துவமனை வாசலில் வேனை நிறுத்தியதும், சக்கர நாற்காலி கொண்டு வருகிறேன் என்று நான் இறங்கப் போனேன். ஆறுமுகம் என் கையைப் பிடித்து, "நீ இரு, நான் கேக்குறேன்" என்றான். பல வருடமாகக் கிளினிக் இருக்கும் தெருவுக்கே வராதவன். தானே வேன் கதவைத் தள்ளித் திறந்து, வாசலுக்கு உள்ளே இருந்த தாதியைப் பார்த்து, "மிஸ்ஸி, என் காலைக் கொஞ்சம் பாருங்க, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று உரக்கக் கூப்பிட்டான். அவர்கள் ஓடி வந்து அவனை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் கூடப் போக எழுந்தேன். முடியவில்லை. என் இரண்டு காலும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, அந்த நடுக்கம் நிற்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.